2013, நூறு மீற்றர்: ஒரு திருத்தம்

என் அண்ணன் கஜதீபன் ஒவ்வொரு வேலை நாளும் காலை ஒன்பது மணி இடைவேளையில் போனை எடுத்து ஓர் எண்ணைப் பார்ப்பான். இத்தாலியில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் மகன் சுஜனை இன்ஸ்ரகிராமில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண் அது. கூடியிருந்தால் அன்று முழுவதும் பேசமாட்டான். குறைந்திருந்தால் வீட்டுக்கு வரும் வழியில் கேக் வாங்கி வருவான். இரண்டு வருடத்தில் இரண்டு தடவைதான் அவன் கேக் வாங்கி வந்தான்.

அண்ணனுக்கு இருபத்தெட்டு வயது. டென்மார்க்கில் எங்கள் ஊரான இக்காஸ்டுக்கு வெளியே இருக்கும் யன்னல் தொழிற்சாலையில் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை கண்ணாடிகளைச் சட்டத்தில் பொருத்துவான். ஒன்பது வருடமாக அதே வேலை. ஒரு கண்ணாடியும் உடைத்ததில்லை என்று அவனுடைய மேற்பார்வையாளர் சொன்னதாக அம்மா எல்லோருக்கும் சொல்வார். அண்ணனுக்கு அது பிடிக்காது. "உடைக்காமல் இருக்கிறது ஒரு கெட்டித்தனமோ?" என்பான்.

சுஜன் பலெர்மோவில் பிறந்தவன். இத்தாலியின் நால்வர் பொப்ஸ்லெட் அணியில் இருக்கிறான். பனிக்கட்டியால் செய்த வளைந்த பாதையில் நாலு பேர் ஒரு வண்டியை ஐம்பது மீற்றர் ஓடித் தள்ளி, ஒருவர் பின் ஒருவராகப் பாய்ந்து ஏறி, மணிக்கு நூற்று முப்பது கிலோமீற்றர் வேகத்தில் கீழே போவார்கள். கடைசியாக ஏறுபவன் சுஜன். ஏறியபின் அவனுக்கு வேலை தலையைக் குனிந்துகொண்டு இருப்பது. கீழே போய்ச் சேர்ந்ததும் தடுப்பை இழுப்பது.

"குனிஞ்சுகொண்டு இருக்கிறதுக்கு நாலு லட்சம் பேரோ?" என்று அண்ணன் கேட்பான்.

"முதல் ஐஞ்சு செக்கனும் ஓடுறான்தானே," என்று அப்பா ஒருமுறை சொன்னார்.

"ஓடுறதைப் பற்றி நீங்கள் கதைக்காதேங்கோ."

அப்பா அதன் பிறகு கதைக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் 2013-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துக்குப் போக வேண்டும்.

அந்தக் கோடையில்தான் பெரியப்பா குடும்பமாக முதல் தடவை எங்களிடம் வந்தார். அவரும் அப்பாவும் ஒருவரையொருவர் கண்டு பதினாலு வருடமாகியிருந்தது. அவர்கள் வந்த கிழமைதான் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. சேரன், சோழன், பாண்டியன் என்று மூன்று இல்லங்கள். அண்ணன் பாண்டியன் இல்லம். சோழன் இல்லத்தில் நூறு மீற்றர் ஓட ஆள் போதவில்லை. விருந்தாளியாக வந்து நின்ற சுஜனுக்குச் சிவப்பு ரீசேட் ஒன்றைக் கொடுத்து இறக்கிவிட்டார்கள். அண்ணனுக்கு அப்போது பதினாறு, சுஜனுக்குப் பதினைந்து. எங்கள் அப்பா தவராஜாதான் முடிவுக் கோட்டில் நடுவர். எனக்குப் பதினொரு வயது. நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன்.

நாடா அண்ணனின் நெஞ்சில் பட்டு என் கையிலிருந்து இழுபட்டுப் போனது. சுஜன் ஒரு கை நீளம் பின்னால் வந்தான். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா நேரே சுஜனிடம் போய் அவன் கையைப் பிடித்து உயர்த்தினார். மற்ற நடுவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டினார். சனம் கைதட்டியது. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு அப்பாவிடம் போனான். அப்பா தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "தம்பி, அவன் வந்த பிள்ளை. விடு."

விட்டான். பெரியப்பா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். பதினாலு வருடம் கழித்து வந்த தன் அண்ணனுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று அப்பா நினைத்திருக்கலாம். அவர் கையில் அப்போது இருந்தது ஒரு நடுவரின் முடிவு மட்டும்தான். நான் இப்படி விளங்கிக்கொள்ள எனக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது. அண்ணன் விளங்கிக்கொள்ள விரும்பவில்லை. அதையும் குற்றம் சொல்ல முடியாது. அப்பா கொடுத்தது தன்னுடையதை அல்ல.

சுஜன் கோப்பையோடு பலெர்மோவுக்குப் போனான். ஓட்டப் பயிற்சியில் சேர்ந்தான். சிசிலிக்குள் வேகமானவன், இத்தாலி முழுவதற்கும் போதாதவன். ஒரு பொப்ஸ்லெட் பயிற்சியாளர் "வடக்கே வா, இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்று" என்றிருக்கிறார். இருபத்தொரு வயதில்தான் பனியை முதல் தடவை தொட்டான். உடம்பில் பதினெட்டுக் கிலோ ஏற்றினான். இரண்டு வருடம் மாற்று ஆளாக இருந்தான், ஒரு வருடம் தொடையில் காயம், அதன் பிறகு நிரந்தர இடம். சென்ற குளிர்காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி ஓர் ஏழாவது இடம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் சொல்லித்தான். எந்தப் பாதையில் எத்தனையாவது தள்ளலில் எத்தனை செக்கன் என்று அவனுக்கு மனப்பாடம். சுஜனின் சொந்தத் தாய்க்குக்கூட இவ்வளவு தெரியாது. அன்பு வைத்தவர்கள் இந்த அளவுக்குக் கவனிப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

புகழ் வந்தது ஏழாவது இடத்தால் அல்ல. போட்டிக்குப் போன ஊரில், விடுதி அறையில், தன் அணியினர் மூன்று பேருக்கும் சுஜன் புட்டு அவித்துக் கொடுத்தான். நூறு கிலோ எடையுள்ள மூன்று வெள்ளைக்காரர்கள் புட்டைக் கையால் குழைத்துத் தின்னும் அந்த வீடியோவை ஒரு மில்லியன் பேர் பார்த்தார்கள். பிறகு தலைக்கவசத்துக்குள் திருநீறு. பிறகு தொடை. தொடையைப் பற்றித்தான் அதிகம் பேர் எழுதினார்கள். அண்ணன் அவற்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாசிப்பான். வாசித்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடியில் தன் தொடையைப் பார்ப்பான்.

அண்ணன் ஓட்டத்தை விட்டதற்குக் கதை ஏதும் இல்லை. காலில் காயம் இல்லை. யாரும் தடுக்கவில்லை. பதினெட்டு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போகவில்லை. அடுத்த செவ்வாயும் போகவில்லை. அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ 2013 அவனுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. தன் வாழ்க்கையில் ஏதோ ஒன்று அவனுடைய பிழையால் போகவில்லை, எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

எனக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. இந்த வருடம் ஜூன் மாதம் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் பெற்றேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது பலெர்மோவிலிருந்து அழைப்பு வந்தது. கடைசியில் எல்லோரும் சுஜனின் புதிய காலணியைப் பற்றிப் பேசினார்கள். அவன் என் படத்தைப் போட்டு வாழ்த்தும் எழுதினான். முன்பின் தெரியாத முந்நூறு பேர் எனக்கு இதயம் அனுப்பினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அன்றிரவு அந்த முந்நூறு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதன் பிறகு நாற்பத்தொரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அண்ணனின் பொறாமையை எழுத எனக்குத் தகுதி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கோப்பை வீடியோ ஏப்ரலில் வந்தது. சுஜன் அதைக் கையில் வைத்துக்கொண்டு இத்தாலிய மொழியில் பேசினான். கீழே நாலு மொழியில் எழுத்து ஓடியது. "பதினைந்து வயதில், டென்மார்க்கில், நான் வென்ற முதல் ஓட்டம். இது இல்லாவிட்டால் நான் இல்லை." அம்மா அதைக் குடும்பக் குழுவில் போட்டார். அண்ணன் சமையலறையில் நின்று பார்த்தான். முடிந்ததும் திரும்பவும் பார்த்தான்.

"அப்பா," என்றான். "இவன் என்ர ஓட்டத்தை விக்கிறான்."

"சின்ன வயசுக் கதையடா தம்பி."

"பதினொரு லட்சம் பேர் பாத்திருக்கினம். அதில ஒரு ஆளுக்காவது நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. ஒரு ஆளுக்கு. அவனுக்கே சொல்லுங்கோ."

அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

யூலையில் பள்ளிக்கூட நிர்வாகம் கூடி, இந்த வருட விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினராகச் சுஜனை அழைப்பதென்று முடிவெடுத்தது. அழைப்பு மடல் அனுப்பும் பொறுப்பு சித்தப்பா என்ற முறையில் அப்பாவுக்கு.

போட்டிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், சுஜன் வந்து சேர்ந்தான். எங்கள் வாசல் கதவு அவனுக்கு ஒடுக்கமாக இருந்தது. அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். அப்பாவின் காலைத் தொட்டான். அவனுக்கு டேனிஷ் தெரியாது, எங்களுக்கு இத்தாலியன் தெரியாது. எங்களுக்கிடையில் இருந்தது தமிழ் மட்டும்தான். ஆகவே மறைத்துப் பேச வழியில்லை.

இடியப்பம் பரிமாறும்போதே அண்ணன் தொடங்கினான்.

"சுஜன், அந்தக் கோப்பை ஆரின்ர எண்டு உனக்குத் தெரியுமோ?"

அம்மா, "தம்பி, சாப்பிடேக்க…" என்றார்.

"எனக்கு மறுமொழி வேணும், அம்மா. முதலாவதா வந்தது ஆர்? அப்பா இருக்கிறார், கேளன்."

அப்பா சொதியை எடுத்துத் தன் இடியப்பத்தில் ஊற்றினார். சுஜன் இரண்டு இடியப்பத்தை ஒன்றாகச் சுருட்டி வாயில் வைத்து, மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னான்: "நீங்கள்தான். எனக்குத் தெரியும்தானே."

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"தெரியுமோ?"

"உங்கட முதுகைப் பாத்துக்கொண்டெல்லோ ஓடினனான். சித்தப்பா கையைத் தூக்கேக்க எனக்கு வெக்கமாப் போச்சு. என்ர அப்பாட்டச் சொன்னன். அப்பா சொன்னார், தாறதை வாங்கு, இல்லையெண்டா சித்தப்பாவுக்கு மனம் நோகும் எண்டு."

"பிறகேன்டா வீடியோவில அப்பிடிச் சொன்னனீ?"

"வீடியோவில என்னண்டு அண்ணா சொல்லுறது? 'ரெண்டாவதா வந்தன், கோப்பை தந்தவை' எண்டா ஆர் கேப்பினம்?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் மாறியது. "இல்லை, பொறுங்கோ. கேப்பினம்! இதெல்லோ நல்ல கதை! என்னை வெண்ட அண்ணா, பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு. நீங்களும் நானும் சித்தப்பாவும். இப்பவே எடுப்பம். வெளிச்சம் நல்லாக் கிடக்கு." போனைத் தண்ணீர்ச் சாடியில் சாய்த்து வைத்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று நினைக்கிறேன். அண்ணன் கேட்டது ஒரு ஆளுக்குச் சொல்லச் சொல்லித்தானே, இதோ நாலு லட்சம் பேருக்கு. ஆனால் அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் விளங்கியது. சுஜன் அந்த வீடியோவில் கண் கலங்குவான். "என் அண்ணன்தான் உண்மையான வீரன்" என்பான். சனம் சுஜனின் நேர்மையைப் பற்றி எழுதும். தொடையோடு சேர்த்து அவனுக்கு நல்ல மனமும் வந்துவிடும். அண்ணன் வென்ற ஓட்டம் இரண்டாம் தடவையும் சுஜனிடமே போகும்.

"போனை எடு," என்றான் அண்ணன்.

"ஏன் அண்ணா? உங்கட பேரைப் போட்டே…"

"எடுக்கச் சொன்னனான். உன்ர சனத்துக்கு நான் ஓடேல்லை." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினான். "நீங்கள் நாளைக்கு மைக்கில சொல்லுறீங்கள். எங்கட சனத்துக்கு. ஆர் ஆர் அண்டைக்கு நிண்டு கைதட்டினதோ அவைக்கு. நடுவர் எண்ட முறையில."

"நாளைக்கோ? பிரதம விருந்தினரை மேடையில வைச்சுக்கொண்டோ? அது மரியாதையே?"

"அண்டைக்கும் மரியாதை எண்டுதான் செய்தனீங்கள்."

அப்பா எழுந்து கை கழுவப் போனார். குழாய் நீண்ட நேரம் ஓடியது.

சனிக்கிழமை வெயில். எங்கள் மைதானத்தில் அது எல்லா வருடமும் கிடைக்காது. கொடி ஏற்றினார்கள், விளக்கு ஏற்றினார்கள், பிள்ளைகள் இல்லம் இல்லமாக அணிநடை போனார்கள். இல்ல அலங்காரத்துக்குச் சோழன் இல்லம் மட்டைப் பெட்டிகளால் ஒரு பொப்ஸ்லெட் செய்து சிவப்பு அடித்து வைத்திருந்தது. அதற்குள் ஏறிக் குனிந்து இருக்கச் சிறுவர்கள் சண்டை பிடித்தார்கள், டேனிஷ் மொழியில். ரோல்ஸ் விற்ற இடத்தைவிடச் சுஜனோடு படம் எடுக்கத்தான் வரிசை நீளம். எங்களுக்குத் தெரிந்த அன்ரிமார் அவன் புயத்தை அமத்திப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை சாப்பிடுறனீர்?"

"புட்டு, அன்ரி."

சனம் சிரித்தது. எதைச் சொன்னாலும் சிரித்தது. நான் வரிசை நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் ஒருவர்கூடப் பட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று யோசித்தேன். கேட்டிருந்தால் வேலை கிடைத்ததா என்றும் கேட்டிருப்பார்கள், அதனால் கேட்காததும் நல்லதுதான் என்றும் யோசித்தேன். அண்ணன் மைதானத்தின் மறு முனையில் தொடக்குநராக நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கி நாலு தடவை அப்பாவின் கைக்குப் போனது. நாலு தடவையும் தண்ணீர் எங்கே, வாகனத்தை எங்கே நிறுத்துவது, காணாமற்போன சப்பாத்து யாருடையது என்று சொல்லிவிட்டுக் கொடுத்துவிட்டார்.

பரிசளிப்பு நாலு மணிக்கு. பிரதம விருந்தினரைப் பேச அழைக்கும் வேலை அப்பாவுக்கு. சுஜன் பொன்னாடையோடு எழும்பத் தயாராக இருந்தான். அப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார். கையில் கடதாசி இருந்தது. எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அன்பான பெற்றோரே, பிள்ளைகளே. பிரதம விருந்தினரை அழைக்க முதல் ஒரு அறிவித்தல். 2013-ஆம் ஆண்டு, பதினேழு வயதுக்குட்பட்ட ஆண்கள், நூறு மீற்றர் ஓட்ட முடிவில் ஒரு திருத்தம்."

சனத்துக்கு விளங்கவில்லை. சிலர் வழக்கமான அறிவித்தல் என்று நினைத்து ரோல்ஸைக் கடித்தார்கள்.

"முதலாம் இடம், கஜதீபன், பாண்டியன் இல்லம். இரண்டாம் இடம், சுஜன், சோழன் இல்லம். பிழையான முடிவை அறிவித்த நடுவர் நான். தெரிஞ்சுதான் அறிவிச்சனான். அதுக்காக என்ர மகனிட்ட…" கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கத்தில் எதுவும் இல்லை. "அவனிட்ட மன்னிப்புக் கேக்கிறன்."

சுஜன் எழுந்து கைதட்டத் தொடங்கினான். நல்ல மனதோடுதான் தட்டினான். அடுத்து அவன் கட்டிப்பிடிப்பான், போன்கள் எல்லாம் உயரும், அது எப்படியும் அவனுடைய வீடியோவாகிவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து பிரதீபன் அண்ணையின் குரல் கேட்டது. இப்போது ஹ்விடோவ்ரேயில் பொறியியலாளர். 2013-இல் சோழன் இல்லத் தலைவர்.

"தவராஜா அங்கிள், ஒரு நிமிசம். அப்ப புள்ளி?"

"என்ன புள்ளி?"

"முதலாம் இடத்துக்கு ஐஞ்சு, ரெண்டாம் இடத்துக்கு மூண்டு. எங்களுக்கு ரெண்டு குறையுது, பாண்டியனுக்கு ரெண்டு கூடுது. அந்த வருசம் பாண்டியனை வெண்டு நாங்கள் சம்பியனா வந்தது மூண்டு புள்ளியில!"

ஒரு கணம் எல்லோரும் மனதுக்குள் கணக்குப் பார்த்தார்கள். பிறகு பாண்டியன் இல்லப் பக்கத்தில் யாரோ, "அடி சக்கை, ஒரு புள்ளியால நாங்கள்!" என்று கத்தினார்கள்.

"அதெப்பிடி? பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு மாத்துறதே?"

"அறிவிச்சது நடுவர். திருத்தினதும் நடுவர்."

"அப்ப கேடயத்தில எழுதின பேர்?"

"அழிச்சு எழுது."

"வந்த பிள்ளையை இல்லத்தில சேத்ததே பிழை. ரெண்டாம் இடத்து மூண்டும் உங்களுக்கில்லை!"

விமலராணி அன்ரிதான் அன்றும் இன்றும் புள்ளிப் பதிவாளர். "ஒருத்தரும் கத்தாதேங்கோ, பழைய கோப்பு என்ர காரில கிடக்கு," என்று எழுந்தார். அவருக்குப் பின்னால் இருபது பேர் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். வேட்டியோடும் சேலையோடும் சனம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விரலை மடக்கி எண்ணியது. 2013-இல் நீளம் பாய்ந்தவர்கள், தடி கொடுத்து ஓடியவர்கள், இப்போது தொப்பையோடு இருப்பவர்கள், தங்கள் தங்கள் முடிவுகளையும் நினைவுபடுத்தத் தொடங்கினார்கள். அப்பாவின் கையிலிருந்து ஒலிவாங்கியை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

மேடையில் சுஜன் மட்டும் நின்றான், பொன்னாடையோடு. அவனை ஒருவரும் பார்க்கவில்லை. போனை எடுத்தான். இதை எங்கிருந்து எப்படிப் படமெடுப்பது என்று தெரியாமல் திரும்பவும் சட்டைப்பைக்குள் வைத்தான். என்னைக் கண்டதும் கீழே இறங்கி வந்தான்.

"சாரங்கி, என்ன நடக்குது? சண்டையோ?"

"புள்ளி."

"நான் எப்ப கதைக்கிறது?"

"தெரியாது. பொறுங்கோ."

அந்த 'பொறுங்கோ'வைச் சொல்லும்போது எனக்கு வந்த இன்பம் நல்லதல்ல. அவன் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. ஆனாலும் நாலு லட்சம் பேர் பார்க்கும் ஒருவனை இக்காஸ்டில் நூற்றைம்பது பேர் பத்து நிமிடமாகப் பார்க்கவில்லை என்பதை நான் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். படிப்பு என்னை இதிலிருந்து மீட்கும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

அண்ணனைத் தேடினேன். தொடக்கக் கோட்டில் அவன் இல்லை. அப்பாவின் அருகிலும் இல்லை. அப்பா தனியாகக் கதிரையில் இருந்து கடதாசியை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கார் நிறுத்துமிடத்தில் நின்றான். விமலராணி அன்ரியின் காரின் மேல் கோப்பு விரித்திருந்தது. ஒரு பக்கம் பிரதீபன் அண்ணை, மறுபக்கம் அண்ணன். அவனைச் சுற்றிப் பாண்டியன் இல்லக்காரர்கள், அவனைவிட இரண்டு மடங்கு வயதானவர்களும், 2013-இல் பிறந்தேயிராதவர்களும். ஒருவர் அவன் தோளில் கை போட்டிருந்தார். ஒன்பது வருடம் ஒரு கண்ணாடியும் உடைக்காத என் அண்ணன், கழுத்து நரம்பு புடைக்க, காரின் கூரையில் குத்திக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஒண்டெண்டாலும் புள்ளி புள்ளிதான்! எழுதுங்கோ அன்ரி, இப்பவே எழுதுங்கோ! பேனை ஆரிட்டக் கிடக்கு?"